வாட்சுக்கு எத்தனை மார்க்?



மகன் வாங்கித் தந்த வாட்ச், துடிப்பு சீராக இல்லை என்று பயமுறுத்தியது. இ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? தேடிப் படித்தேன்.

2019-இல் வெளியான ஆய்வு. ஆப்பிள் வாட்ச் கட்டிய 4,19,297 பேர். (என்னுடையது வேறு கம்பெனி.) எச்சரிக்கை வந்தபின் மார்பில் இ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கே கோளாறு உறுதியானது. ஒரு மார்க்கில் ஃபெயில்! ஆனால் இது வந்து வந்து போகும் கோளாறு. பட்டை ஒட்டியதோ சில நாள் கழித்து. வாட்சும் பட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தபோது 84. அதனால் மறுபடியும் டாக்டரிடம் போகிறேன்.

அத்தான் விஷயம் வேறு. நெஞ்சுவலியோடு, "வாட்ச் ஒண்ணும் சொல்லலையே" என்று மூன்று மணி நேரம் வீட்டிலேயே இருந்துவிட்டார். துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கும் வாட்சுக்கு மாரடைப்பு தெரியாது. நேற்றுதான் வார்டுக்கு மாற்றினார்கள். அக்காதான் கூட இருக்கிறாள்.