முதல்ல மதர்போர்டைப் பாருங்க பாஸ்!

செகண்ட் ஹேண்ட்ல கேமிங் கம்ப்யூட்டர் தேடுறீங்களா? வேகத்தை அப்புறம் பாருங்க, முதல்ல மதர்போர்டு!

எங்க ஆடலூர்ல மிளகுக் காசு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கைக்கு வரும். அப்பா அதுலேர்ந்து கொடுத்த பணத்தோட திண்டுக்கல் போனேன். ஒரே விலையில ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு, 2017-ல வந்த இன்டெல் ஐ7 7700. இன்னொண்ணு, 2018-ல வந்த ரைசன் 5 2600, பி450 போர்டோட.

கேம்ல முந்துறது இன்டெல்தான். ஆனா அந்த போர்டுல எட்டாம் தலைமுறை சிப் வேலை செய்யாது. விண்டோஸ் 11 பட்டியல்லயும் 7700 இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சாச்சு. ரைசன் போர்டுலயோ, பயாஸை அப்டேட் பண்ணிட்டா 5000 வரிசை சிப் வரைக்கும் மாட்டலாம். ரைசனையே தூக்கிட்டு வந்துட்டேன்!

பவர் சப்ளை எத்தனை வாட்ஸ்னும் கேளுங்க. நாளைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட அதுதான் கைகொடுக்கும். 'அடுத்த வருஷம் எதை மட்டும் மாத்தினாப் போதும்?'னு கேட்டுட்டு காசை எண்ணுங்க. அது அப்பா காசு பாஸ்!