மகளுக்கொரு தனிச் சட்டி

சகோதரிகளே, நோன்பு திறக்கும் நேரம் உங்கள் பிள்ளை மட்டும் கஞ்சிக் கோப்பையோடு ஒதுங்கியிருந்தால் மனம் என்ன பாடுபடும்? என் மூத்த மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் அவள் குடலைப் பழுதாக்கும். ஆயுள் முழுதும் அதை விலக்குவதே வைத்தியம்.

பாணையும் ரொட்டியையும் உடனே நிறுத்தினோம். ரவையும் கோதுமைதான், சோயா சோஸிலும் அது சேர்வதுண்டு என்பதெல்லாம் பிறகே தெரிந்தது.

"அரிசி மாவில்தானே பிசைந்தேன், தின்னு மகள்" என்று மாமி பாசத்தோடு நீட்டிய பலகாரத்தைத் தின்றவள் இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெய்!

மாமியிடம் சொல்ல மூன்று நாள் எனக்கு நா எழவில்லை. சொன்னதும் அழுதுவிட்டார்.

இப்போது மாமி வீட்டில் அவளுக்கெனத் தனிச் சட்டி இருக்கிறது. அதில் யாரையும் கைவைக்க விடமாட்டார், மாமாவையும்கூட.