முன்சாய்வும் முன்முடிவும்



சென்ற பிப்ரவரியில் குடும்பத்தாருடன் காஷ்மீர் சென்றிருந்தோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மர்கில், தம்பியின் மகன் பனிச்சறுக்குப் பழக ஆசைப்பட்டான். பலகைகளையும் காலணிகளையும் வாடகைக்கு எடுத்து, உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரிடம் அவனை ஒப்படைத்துவிட்டு நாம் ஓரமாய் நின்றோம்.

பனிச்சறுக்கில் உடல் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். முன்னங்கால் எலும்பு காலணியின் நாக்கை அழுத்தினால்தான் பலகையின் முன்பகுதி பனியைப் பற்றித் திரும்பும். பின்னால் சாய்ந்தால் முன்பகுதி பாரமிழந்து, பலகை தன் போக்கில் ஓடும். இவனோ நாற்காலியில் அமர்பவனைப் போல் இடுப்பைப் பின்னே தள்ளியபடியே சறுக்கினான். மீண்டும் மீண்டும் விழுந்தான்.

"பயந்து பின்வாங்காதே! முன்னால் சாய்!" என்று சத்தமிட்டோம்.

"பெரியத்தா, தொடையெல்லாம் எரியுது" என்றான். அதையும் சாக்கு என்றே எண்ணினோம்.

பயிற்சியாளர் அவனைக் கண்டிக்கவில்லை. பனியில் மண்டியிட்டு, முதலில் காலணியைத்தான் பார்த்தார். பிறகு உருதுவில் நமக்கு விளக்கினார்.

இக்காலணியின் மேற்பகுதி செங்குத்தாக நிற்பதில்லை. பல காலணிகளில் அது 12 முதல் 16 பாகை வரை முன்னே சாய்ந்திருக்கும். கெண்டைக்கால் மெலிந்தவர்களுக்காக, பின்புறம் ஆப்புப் போன்ற துண்டு ஒன்றைப் பொருத்துவதுண்டு. நம் பிள்ளைக்கோ கெண்டைச் சதை பருத்தது. சதையும் துண்டும் சேர்ந்து காலை அளவுக்கு மீறி முன்னே தள்ளின. முழங்கால் மிகுதியாக மடங்கியது. குப்புற விழாதிருக்க இடுப்பு தானாகவே பின்னே சென்றது. பாரத்தையெல்லாம் தொடைகள் சுமந்தன. பின்வாங்குபவனாக நம் கண்ணுக்குத் தெரிந்தவன், உண்மையில் வரம்பு மீறி முன்னே தள்ளப்பட்டிருந்தான்!

அவர் அத்துண்டைக் கழற்றினார். கொக்கிகளை மாட்டி, மேற்பட்டையை இறுக்கினார். நின்ற இடத்திலேயே கணுக்காலை மடக்கி நிமிரச் செய்து, பாரம் பாதத்தின் நடுவில் இறங்குகிறதா என்று கேட்டறிந்தார். மாலைக்குள் பிள்ளை சிறு சரிவில் விழாமல் திரும்பி வந்தான்.

"மௌலவி சாஹிப், குற்றம் பையனிடத்தில் இல்லை" என்று மட்டும் கூறினார் அவர்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் நமக்கு உறக்கம் வரவில்லை. நம் மதரஸாவின் பத்து வயது மாணவன் ஒருவன் நினைவில் வந்து நின்றான். அத்தஹிய்யாத்து இருப்பில் வலப் பாதத்தை நட்டுவைத்து விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்கும்படி எத்தனை முறை சொல்லியும் அவன் கேட்பதில்லை. அலட்சியக்காரன் என்று வகுப்பின் முன்னிலையில் பலமுறை கடிந்திருக்கிறோம். ஒருமுறையேனும் அவன் பாதத்தை நாம் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் அவனைத் தனியே அழைத்துக் கேட்டோம். மிதிவண்டியிலிருந்து விழுந்து முறிந்த கணுக்கால் சரியாகக் கூடவில்லையாம், மடக்கினால் வலிக்குமாம்.

"ஏன் சொல்லவில்லை?" என்றோம்.

"நீங்க கேக்கலையே, ஹஜ்ரத்" என்றான்.

இயலாதவர் இயன்றவாறு அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. அச்சட்டத்தை ஆண்டுதோறும் பாடமாக நடத்துபவர்கள் நாம். எனினும் அச்சலுகைக்கு உரியவன் நம் முன்னால் அமர்ந்திருந்ததை அறியாதிருந்தோம். கடிந்தது வகுப்பின் முன்னிலையில் என்பதால், மன்னிப்பையும் வகுப்பின் முன்னிலையிலேயே கேட்டோம். இப்போது அவன் வலியின்றி அமர்ந்து தொழுகிறான்.

பெற்றோர்களே! பிள்ளை பின்தங்குவதாகத் தோன்றினால், 'முன்னேறு' என்று அதட்டுமுன் அவன் காலை எது தள்ளுகிறது என்று குனிந்து பாருங்கள். மெலிந்த காலுக்குத் துணை செய்யும் அதே துண்டு, பருத்த காலுக்கு இடையூறாகிறது. ஒரே அளவு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துவதில்லை.

நம் பொறுப்பில் தரப்பட்ட பிள்ளைகளிடம் நீதியுடன் நடந்துகொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.