பேத்தி பிறந்த வருசத்துப் புளி

ஜமுனாமரத்தூருக்கு மலையேறுகிறவர்கள் பீமன் அருவிக்குப் போவார்கள். இல்லையென்றால் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு ஜாடியைப் பார்க்க.

காரணம் ஒரு பழைய சிவப்பு ஒயின் பாட்டில். சென்னையில் நண்பர் வீட்டில் அது காலியாகும்போது அடியில் கண்ணாடித் தூள்போல ஏதோ மினுங்கியது. "பயப்படாதே, டார்டாரிக் அமிலத்தோட உப்பு. நம்ம புளியில இருக்கிற அதே அமிலம்தான்" என்ற நண்பர், ஜவ்வாது மலையில் நாலு வருசப் புளி வைத்திருக்கும் ஓர் ஆயாவைப் பற்றியும் சொல்லி அனுப்பினார்.

நான் போன மார்ச் மாதத்தில் உலுக்கல் முடிந்திருந்தது. முற்றத்தில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் ஐந்தாறு பேர் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயாவின் கையில் ஒரு சாண் இரும்புக் கம்பி. பிடிக்கிற இடத்தில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கல்லில் பழத்தை நிறுத்தி ஒரே தட்டு. கொட்டை தெறிக்கும், சதை கையில் நிற்கும். வாங்கி நானும் தட்டினேன். கொட்டை அப்படியே இருந்தது, கட்டைவிரல்தான் வீங்கியது. சாயங்காலத்துக்குள் விரல் இடுக்கெல்லாம் எரியும் என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பெரும்பாலான பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழக்கும். புளியில் சர்க்கரை ஏறினாலும் டார்டாரிக் அமிலம் இறங்குவதில்லை. 1848இல் லூயி பாஸ்டர் இதே அமிலத்தின் உப்பு ஒன்றின் படிகங்களை, இடக்கை வலக்கை போல இரு வகையாக, ஒவ்வொன்றாகக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அது பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை!

உள்ளே பரணிலிருந்து ஜாடி இறங்கியது. கல் உப்புப் போட்டுக் காற்றுப் புகாமல் அழுத்தி அடைத்த புளி, தார் நிறத்தில். "மூத்த பேத்தி பொறந்த வருசம் போட்டது தம்பி." பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் பாட்டிலில் அறுவடை வருடத்தை ஒட்டுகிறார்கள், இங்கே ஆண்டுக்கணக்கு தெருவில் ஓடி விளையாடுகிறது. ஒரு கிள்ளு வாயில் போட்டேன். புதுப்புளி பல்லைக் கூசவைக்கும். இது நாக்கில் மெல்லக் கரைந்து, புளிப்பு பின்னால்தான் வந்தது.

சிவப்பு ஒயினிலும் இந்தத் தணிவைத்தான் தேடுகிறார்கள். திராட்சைத் தோலின் நிறமியும் துவர்ப்பான டானினும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, ஊதா நிறம் செங்கல் நிறமாகிறது, துவர்ப்பு மென்மையாகிறது. எல்லா ஒயினுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பெரும்பாலானவற்றைச் சில ஆண்டுகளில் குடித்துவிட வேண்டும். அமிலமும் டானினும் கனத்துக் கிடக்கும் நல்ல போர்தோ ஒயின்கள் பல பத்தாண்டுகள் தாங்கும். புளி கறுப்பது வேறு வேதியியல்: சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடி, ரொட்டியின் மேல்தோல் சிவப்பதுபோல, ஆனால் அடுப்பில்லாமல், மாதக்கணக்கில்.

சந்தையில்தான் கதை தலைகீழ். ஒயின்காரர் வயதுக்கு விலை வைக்கிறார். புளி வியாபாரி குளிர்பதனக் கிடங்கில் வயதை நிறுத்திவைத்து விலை வாங்குகிறார். நிறம் கெடாத புளிக்குத்தான் மதிப்பு, கறுத்ததைக் கழிவு விலைக்குக் கேட்பார்கள். மலையில் கிடங்கு வைக்க யாரிடம் காசு இருக்கிறது? பூக்கும்போதே முன்பணம் வாங்கியவர்கள் காய்ந்ததும் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான். 2013-14இல் மத்திய அரசு தொடங்கிய வனப்பொருள் ஆதரவு விலைத் திட்டத்தில் புளியும் உண்டு. 2020இல் கொட்டைப்புளிக்குக் கிலோ 36 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். முன்பணம் வாங்கியவருக்கு அந்த 36 எதற்கு ஆகும்? தரகு, கழிவு, எடைக்குறைப்பு என்று நான் குரலை உயர்த்திக்கொண்டே போக, ஆயா குறுக்கிட்டார்: "கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, கோணி விரிக்கணும்."

ஜாடியை விலைக்குக் கேட்டேன். இரண்டாவது மகளுக்குச் சித்திரையில் பிரசவமாம். பிள்ளை பெத்தவளுக்குப் புதுப்புளி ஆகாது, ரசத்துக்கு இதுதான். எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை மட்டும் இலையில் மடித்துக் கொடுத்தார்.

மினி லாரி வந்து நின்றது. மூட்டைகள் தராசில் ஏறின. ஜாடி பரணுக்கு ஏறியது.