குளத்தங்கரையில் எண்ணப் பழகினேன்

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-இல் தொடங்கிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரி மாதங்களில் நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்தும் வேலை அது. எனக்கும் ஒரு குளம் வேண்டும் என்று கேட்கத்தான் சாரிடம் போனேன். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் அவர். "குளம் இருக்கட்டும்டே. உங்க வீட்டுப் புறவாசல்ல என்னென்ன வருதுன்னு முதல்ல எழுதிட்டு வா" என்றார்.

காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து என்று எழுதிக்கொண்டு போனேன். "இதெல்லாம் சித்திரையிலயும் இருக்குமே. மார்கழிக்குன்னு வந்தது எங்க?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடியலில் அவரே வந்து கிணற்றடியில் நின்றார். செம்பருத்திப் புதருக்குள் இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல 'டக், டக்' என்று சத்தம். சிறுவயதிலிருந்து கேட்டுவந்த சத்தம்தான். ஏதோ பூச்சி என்று விட்டிருந்தேன். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. ரஷ்யா, பின்லாந்துப் பக்கம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு எங்கள் செம்பருத்தியைத் தேடி வருகிற விரற்கடை உயிர். சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. நாள்கணக்கில் அந்தப் புதருக்கு முன்னால் உட்கார வைத்தார். மதிலோரச் சருகைக் கூட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னதும் அவர்தான். சருகு கிடந்த பிறகுதான் ஆறுமணிக்குருவி இறங்கி, இலையைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தின்றது. அதன் வாலடிச் சிவப்பை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

பைனாகுலர் அதைவிடப் பாடுபடுத்தியது. பறவையைப் பார்த்ததும் குனிந்து கருவியைத் தேடுவேன்; நிமிர்ந்தால் வெறும் கிளை. "கண்ணை எடுக்காத. கருவிதான் கண்ணுக்கு வரணும், கண்ணு கருவிக்குப் போவக் கூடாது." முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தினால்தான் வட்டத்துக்குள் படம் ஆடாமல் நிற்கும். விலா எலும்பில் முழங்கை பதிகிற அந்த இடம் எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் ஆயிற்று.

பிறகு ராஜவல்லிபுரம் குளம். தண்ணீரெல்லாம் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி. ஒவ்வொன்றாக எண்ணினேன். பாதியில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று மேலே வர, கூட்டம் மொத்தமாக எழும்பி இடம் மாறியது. திரும்ப முதலிலிருந்து; திரும்பவும் பருந்து. சார் சொல்லிக் கொடுத்த வழி வேறு: பத்துப் பறவையை எண்ணு, அந்தப் பத்து அடைக்கிற இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொள், அதையே கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போ. கேட்க எளிது. கரையோரம் பறவைகள் விலகி நிற்கும், நடுவில் நெருங்கி நிற்கும். ஓரத்துப் பத்தை நடுவில் வைத்தால் கணக்கு விழுந்துவிடும். நானோ எப்போதும் ஓரத்திலிருந்தே அளவெடுத்தேன்.

வீட்டில் சுளகில் ஒரு பிடி உளுந்தை வீசி, மூன்று எண்ணுவதற்குள் மூடிவிடுவார். "எத்தனை?" சொல்வேன். பிறகு ஒவ்வொன்றாக எண்ணச் சொல்வார். எப்போதும் குறைவாகவே சொல்லியிருப்பேன். "கூட்டம் பெருசாக ஆக, கண்ணு குறைச்சுத்தான் சொல்லும். அதைத் தெரிஞ்சு வச்சுக்கோ."

அடுத்த தை மாதம் அதே குளத்தில் இருவரும் தனித்தனியாக எண்ணினோம். அவர் 360 என்றார், நான் 340 என்றேன். "ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்கு நான் எவ்வளவோ நாள் காத்திருந்தேன்.

ஆனாலும் மேற்குக் கரையில் வெயிலுக்கு எதிரே மிதந்த கூட்டம் வெறும் கறுப்பு நிழல். வாலும் தெரியவில்லை, அலகும் தெரியவில்லை. பெயர் போடக் கை துறுதுறுத்தது. படிவத்தில் 'இனம் தெரியாத வாத்துகள்' என்று எழுதி, எதிரே எண்ணை மட்டும் போட்டேன். சார் அந்த வரியை இரண்டு முறை படித்தார், திருத்தவில்லை. "அடுத்த வாரம் கூந்தன்குளம் வா. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்திருக்கு, நீயே எண்ணு" என்று சொல்லிப் படிவத்தைப் பையில் வைத்தார்.