தறியோசை நின்ற வேளை

பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சானுக்கு, நெசவாளர் வீடொன்றில் ஒரு பகலேனும் தங்கிப் பார்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. அம்மையார்குப்பத்து நண்பருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் புறப்பட்டோம். திருத்தணி வட்டாரம் 1960-இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்தது. நாங்கள் சென்ற பேருந்தில் பாதிப் பேச்சு தெலுங்கு. மச்சானுக்கு வெளிநாட்டுக்குள் ஒரு வெளிநாடு!

நண்பர் வீட்டு முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள். பேசுவதென்றால் காதருகே கத்த வேண்டும். தாயார் திண்ணையில் தார் சுற்றிக் கொண்டிருந்தார். எங்களுக்கென்று அன்று சைவச் சமையல். மாங்காய்ப் பருப்பின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.

ளுஹர் நேரம் வந்தது. சொல்லத் தயங்கி நின்றோம். அவரோ நான்கு தறிகளையும் நிறுத்திவிட்டு, இடையிலிருந்த தரையைக் கழுவித் துடைத்துப் புதுப்பாய் விரித்தார். நெய்த அளவுக்குத்தான் கூலி. நின்ற நேரம் அவருக்கு இழப்பு. பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளியில் தொழுது பழகிய மச்சான், பஞ்சுத் தூசி படிந்த அந்த இடத்தில் நெடுநேரம் ஸுஜூதில் இருந்தார்.

விடைபெறும்போது தாயார், "பேரனுக்குப் பட்டணத்தில் வேலை கிடைக்க துஆ செய்யுங்க, பாய்" என்றார். நண்பர் தறியைத் தடவியபடி, "எனக்குப் பின்னால் இதை யார் ஓட்டுவது?" என்றார்.

மச்சான் கையேந்தினார். என்ன கேட்டாரென்று நான் வினவவில்லை.