கோடிக்கரைக் குடித்தனம்

வேதாரணியம் என்றால் நம்மவர்களுக்கு உப்பு நினைவு வரும். 1930-ஆம் ஆண்டில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள், அருகிலுள்ள அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்துச் சிறை சென்றார்கள். நம் நாட்டுக் கடலும் கரையும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அவர்கள் அன்று விடை சொன்னார்கள். சொந்தமான சொத்தை எப்படி ஆளுவது என்ற அடுத்த கேள்விக்கு விடை காண விரும்புவோர், அந்த உப்பளங்களைத் தாண்டித் தெற்கே கோடிக்கரைக்குச் செல்ல வேண்டும்.

சோழ மண்டலக் கரை தெற்கு நோக்கி ஓடிவந்து மேற்கே திரும்பும் முனை இது. ஒரு பக்கம் வங்கக் கடல். மற்றொரு பக்கம் பாக்கு நீரிணை. இடையே உலர்ந்த பசுமைக் காடு, புல்வெளி, பரந்த உவர்ச் சதுப்பு. 1967-ஆம் ஆண்டில் இக்காடு சரணாலயமாயிற்று. 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்று, உலகம் மதிக்கும் நீர்நிலைகளுள் ஒன்றாயிற்று. மாரிக் காலத்தில் சதுப்பில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாய் நிற்பதைக் கண்டால், நேயர்களே, வந்த களைப்பு மறந்துவிடும்.

இங்கே வன இலாகாவின் செல்லப் பிள்ளை வெளிமான். ஆண் மானின் கரிய முதுகும், வெள்ளை வயிறும், திருகிய கொம்பும் பார்க்கத் தெவிட்டாதவை. பகையைத் தூரத்திலேயே கண்டு, ஒரே பாய்ச்சலில் ஓடித் தப்பும் ஜாதி அது. ஆகவே அதற்குத் திறந்த புல்வெளிதான் கோட்டை. அக்கோட்டையைத்தான் சீமைக் கருவேலம் முற்றுகையிட்டிருக்கிறது. அதன் நெற்றுக்களைக் கால்நடைகள் தின்று, போகுமிடமெல்லாம் விதையைச் சாணத்தோடு இட்டுச் செல்கின்றன. இலாகாவினர் வெட்டுகிறார்கள், அது மறுபடி துளிர்க்கிறது.

முன்பு மனிதர் வளர்த்த மட்டக் குதிரைகளின் சந்ததியும் இக்காட்டில் சுதந்திரமாய்த் திரிகிறது. குழந்தைகளுக்கு மானைவிடக் குதிரைமேல்தான் மோகம். "இரண்டும் ஒன்றாக இருந்தால் என்ன?" என்று நாம் காவலரிடம் கேட்டோம். "புல் ஒன்றுதானே, ஐயா! தண்ணீரும் ஒன்றுதானே!" என்றார். கோடையில் குட்டைகள் வற்றும்போது தொட்டிகளில் நன்னீர் நிரப்பி வைக்கிறார்கள். அதற்கும் போட்டிதான். மானைக் காப்பதா, குதிரைக்கு இரங்குவதா? காட்டுக்கு அந்நியமானது குதிரை என்று சொல்வது எளிது. அது கொண்டு வந்து விட்ட மனிதனின் குற்றமே யன்றிக் குதிரையின் குற்றமன்று. சட்டம் 1972-ஆம் ஆண்டிலேயே மானின் பக்கம் நின்றுவிட்டது. நமக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் குதிரையைத் துன்புறுத்தாமல் அந்த நியாயத்தை நிறைவேற்றுவதில்தான் நிர்வாகத்தின் திறமை இருக்கிறது.

கடலில் மீன்வள இலாகாவின் ஆட்சி. மீன்கள் இனம் பெருக்கும் காலத்தை முன்னிட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கிழக்குக் கடலில் தொழில் செய்யக் கூடாது. 2001-இல் தொடங்கியபோது இத்தடை 45 நாட்களே, 2017-இல் நீண்டது. அந்நாட்களில் மீனவக் குடும்பங்களுக்குச் சர்க்கார் நிவாரணத் தொகை அளிக்கிறது. இரண்டு மாதம் அடுப்பு எரிய வேண்டுமே! விதைநெல்லைத் தின்னாதே என்று உழவனுக்குச் சொல்பவர், அவன் பசிக்கும் வழி சொல்லத்தானே வேண்டும்?

இவ்வளவு பாடுபட்டும் இயற்கை ஒரே இரவில் கணக்கை அழித்துவிடக்கூடும். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் மரங்கள் சாய்ந்தன, மான்கள் மாண்டன. காடு மெல்லத் தேறி வருகிறது.

இந்தக் கடற்கரைகளில் ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், இலாகாவினர் முட்டைகளைத் திரட்டிக் காவலுள்ள மணற்குழிகளில் புதைத்து வைக்கிறார்கள். ஏழு வாரத்துக்குள் உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவற்றை அலைக்கருகே விட்டபின், எந்த இலாகாவும் உடன் செல்ல முடியாது. வலை வீசுகிறவரின் கருணையும், மீன் வாங்கித் தின்கிற நம்முடைய பொறுமையுமே அவற்றுக்குத் துணை.